இரவல் வாங்கிய செம்புக் குழாய்

செம்புக் குழாய் எங்கள் பக்கத்தில் அவ்வளவு லேசில் கிடைக்காது அய்யா. ட்ரம் கிடைக்கும், மரத்தொட்டி கிடைக்கும், ஜெரிக்கேன் வீட்டுக்கு வீடு உருண்டு கிடக்கும். சாராயம் காய்ச்சலாம் என்று புதிதாக இறங்குகிறவன் இவற்றையெல்லாம் சுலபமாகச் சேர்த்துவிடுவான். குழாயில் வந்துதான் முட்டிக்கொண்டு நிற்பான். நானும் அங்கேதான் நின்றேன். நீங்கள் ஆரம்பத்திலிருந்து கேட்பதால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் கசங்காகி. ஊரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், செல்லப்பேர் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். என்னுடையது அராலி. சுகாதார நிலையத்தில் காவல்காரன். கேட்டைத் திறப்பேன், முற்றம் பெருக்குவேன், ஊசி போடும் நாளில் தாய்மார்களை வரிசையில் நிறுத்துவேன். இத்தனை வருஷத்தில் ஒரு வாளி காணாமல் போனதில்லை.

ஆனால் காவல்காரனை யார் மதிக்கிறார்கள்? பெண் பேசப் போகும் வீட்டில் என்னைக் கதவோரம் உட்கார வைப்பார்கள். நல்ல வாரகிச் சாராயம் இறக்குகிறவன் வந்தால் நடுக்கூடத்தில் பாய் விரிப்பார்கள். எனக்கு அது வலித்தது. வாழைப்பழத்தைப் புளிக்க வைத்துக் காய்ச்சுவது சட்டப்படி குற்றம் என்று தெரியும். உங்கள் போலீஸ் ஆட்களிலும் சிலர் சீசாவோடு சதுப்புப் பக்கம் வருவதுண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

சதுப்போரம் காய்ச்சுகிறவர்களில் நியகாத்தோதான் கெட்டிக்காரி. கையில் இரண்டு பப்பாளிப் பழத்தோடு போய் அவள் முன்னால் குந்தினேன். அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"என்ன அராலி, கேட்டைக் காவல் காத்தது போதும், இனி பானையைக் காவல் காக்கலாம்னு வந்துட்டியா?"

"கத்துக்கலாம்னுதான்."

"கத்துக்க என்ன இருக்கு? சாமானைச் சேத்துக்க. ட்ரம்மு எவன் வேணா உருட்டிட்டு வருவான். குழாய்தான் ஆளைக் காட்டும். செம்பா இருக்கணும். பழைய லாரி ரேடியேட்டரை மாட்டிக் காய்ச்சுறானுங்களே, அதைக் குடிச்சு அந்தத் தச்சனுக்குக் கண்ணே போச்சு. அப்படி ஏதாவது செஞ்சே, என் பேரைச் சொல்லிக்கிட்டுத் திரியாதே."

அந்தத் தச்சனை எனக்குத் தெரியும். இப்போது சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறான். அன்றே முடிவு செய்தேன். காய்ச்சினால் சுத்தமாகக் காய்ச்ச வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போகக் கூடாது. பிறத்தியார் உடம்புக்கு என்னால் கேடு வந்துவிடக் கூடாது என்பதில் நான் எப்போதும் கவனமாக இருப்பவன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

சாமான் சேர்க்க எனக்குத் துணை அட்வோகி. பக்கத்து வீட்டுக்காரன், சைக்கிள் ரிப்பேர் பார்க்கிறவன், என்னைவிட இளையவன். அவன் பையனும் என் மகளும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். என் மனைவியும் அவன் மனைவி அட்யேரியும் பிள்ளைகளை ஒரே பாயில் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போவார்கள். ஓணான் மாதிரித் தலையை ஆட்டி ஆட்டிச் சிரிக்கிற பிள்ளை அவனுடையது.

புகையிலைக் கிட்டங்கியில் முதலில் ஒரு ட்ரம் காட்டினார்கள். மூடியைத் திறந்ததும் பூச்சி மருந்து வாடை அடித்தது. வேண்டாம் என்றேன். அட்வோகிக்குப் பொறுக்கவில்லை.

"யோவ், கழுவிட்டா போச்சு. நீ என்ன கல்யாணப் பொண்ணுக்கா பானை பாக்குறே?"

"குடிக்கிறவங்க வயித்துக்குப் போறது அட்வோகி."

"குடிக்கிறவனே வயித்தப் பத்திக் கவலைப்படலை. நீ ஏன்யா படுறே?"

கடைசியில் சமையல் எண்ணெய் வந்த ட்ரம் ஒன்றை அவன்தான் தேடிப் பிடித்தான். இரண்டு பேரும் அதைச் சந்தை வழியாக உருட்டிக்கொண்டு வந்தோம். சாம்பல் போட்டு நான் தேய்த்த தேய்ப்பில் உள்ளே முகம் தெரிந்தது. பழம் மிதிக்கிற மரத்தொட்டியை என் மச்சான் கொடுத்தான். மூட்டுகளை அடைக்க மரவள்ளி மாவு வீட்டிலேயே இருந்தது. குழாய்தான் இல்லை. ஹோய்மா டவுனில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒருவன் ரப்பர் குழாயை நீட்டினான், இன்னொருவன் துருப்பிடித்த இரும்பைக் காட்டிச் செம்பு என்று சாதித்தான்.

திரும்பி வந்து முற்றம் பெருக்கும்போதுதான் கண்ணில் பட்டது. வருஷக்கணக்காகப் பெருக்கிய முற்றம். காஸ் சிலிண்டர் வெளியே கம்பிக் கூண்டுக்குள் இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் சுவரோரமாக ஓடி, ஜன்னல் வழியே உள்ளே போய், ஊசி மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜின் அடியில் சேரும். சுண்டுவிரல் தடிமன், நல்ல நீளம், அசல் செம்பு. எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை, காஸ் எரிந்துதான் அந்தப் பெட்டி குளிரும். நெருப்பு எரிந்தால் எப்படிக் குளிரும் என்று அட்வோகி அடிக்கடி கேட்பான். எனக்கும் தெரியாது.

அந்தச் சமயம் பார்த்து நர்ஸ் அப்வோலி தங்கை கல்யாணத்துக்காக ஃபோர்ட் போர்ட்டலுக்குப் புறப்பட்டார். நல்ல மனுஷி. என்னை வாங்க போங்க என்றுதான் பேசுவார். கையில் பெட்டியோடு கேட்டில் நின்று சொன்னார்.

"அராலி, காலையிலயும் சாயங்காலமும் குனிஞ்சு ஒரு பார்வை பாருங்க. அடியில நீல நெருப்பு எரியணும். அது அணைஞ்சுதுன்னா மருந்து செத்துப்போகும். பாக்குறதுக்கு அப்படியேதான் இருக்கும், யாருக்கும் தெரியாது. ஆனா குழந்தைக்குப் போட்டா வெறும் தண்ணி."

"நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க சிஸ்டர்" என்றேன்.

ஊருக்குக் கிளம்புகிறவர்கள் ஆயிரம் சொல்வார்கள். எல்லாவற்றையும் மனதில் வைத்திருக்க முடியுமா?

நான் திருடவில்லை. இரவல் வாங்கினேன். சிலிண்டரின் வால்வை இறுக்கமாக மூடி, காஸ் கசிகிறதா என்று மோந்து பார்த்து, அதற்கப்புறம்தான் குழாயைக் கழற்றினேன். அஜாக்கிரதையான ஆளாக இருந்தால் ஆஸ்பத்திரியே பற்றி எரிந்திருக்கும். ஃப்ரிட்ஜின் கதவை நான் தொடவே இல்லை. யாரும் திறந்துவிடக் கூடாது என்று அதன் முன்னால் பெஞ்சு ஒன்றை இழுத்துப் போட்டேன்.

அந்த வாரம் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான வாரம். புளித்த பழச்சாற்றை ட்ரம்மில் ஊற்றி, வாயை மாவால் அப்பி, குழாயைச் சதுப்புத் தண்ணீருக்குள் வளைத்துவிட்டுத் தீ மூட்டினோம். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அட்வோகி குழாய் வாயில் காதை வைத்துப் பார்த்தான். பிறகு முதல் சொட்டு விழுந்தது. முதலில் வருவதைத் தரையில் கொட்டிவிட வேண்டும் என்று நியகாத்தோ சொல்லியிருந்தாள். ஒரு கோப்பை முழுக்கக் கொட்டினேன். ஆசையாக இருந்தும் கொட்டினேன். அடுத்து வந்தது கண்ணீர் மாதிரித் தெளிவு. நியகாத்தோ ஒரு சொட்டு நாக்கில் வைத்து, கொஞ்சம் நெருப்பில் தெளித்துப் பார்த்தாள்.

"இது வாட்ச்மேன் இறக்கினதா?" என்றாள். "எவன்கிட்டக் குழாய் வாங்கினே?"

"தெரிஞ்ச இடம்" என்றேன்.

அட்வோகி என் தோளைப் பிடித்துக்கொண்டு ஆடினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை யாரும் அப்படிக் கொண்டாடியதில்லை.

நர்ஸ் வருவதற்கு முன்பே குழாயைக் கழுவி, மாட்டி, மூட்டில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்றும் பார்த்தேன். தீக்குச்சி கிழித்ததும் நீல நெருப்பு பிடித்தது. அவர் வந்து கதவைத் திறந்தபோது உள்ளே ஜில்லென்று இருந்தது. "உங்களை நம்பித்தான் போனேன்" என்றார். எனக்காகக் கல்யாணப் பலகாரம் கொண்டுவந்திருந்தார். சாப்பிட்டேன்.

ஊசி நாளில் வழக்கம்போலக் கேட்டைத் திறந்தேன். நான் திறக்கும்வரை வெளியே ஈ காக்கை கிடையாது, எங்கள் ஊரில் வெயில் ஏறிய பிறகுதான் கிளம்புவார்கள். போகப் போக நல்ல கூட்டம். அட்யேரி கடைசியில் ஓடிவந்தாள், முதுகில் பையனைக் கட்டிக்கொண்டு.

"அராலி அண்ணே, மருந்து தீர்ந்துடும்ங்கிறாங்களே? என் பிள்ளைக்குக் கிடைக்குமா?"

நண்பனின் மனைவி. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வரிசைக்கு முன்னால் நிறுத்தினேன். மற்றப் பெண்கள் சத்தம் போட்டார்கள், சமாளித்தேன். பையன் ஊசிக்கு அழுதுவிட்டு, பிறகு என் தொப்பியைப் பிடித்து இழுத்துச் சிரித்தான். அட்யேரி என்னைக் கடவுள் மாதிரிக் கும்பிட்டாள்.

வறண்ட மாதங்களில் தட்டம்மை வந்தது. வருஷா வருஷம் எங்கேயாவது வருவதுதான். ஆனால் இந்த முறை ஊசி போட்ட பிள்ளைகளுக்கே வந்தது. ஒரு வீட்டில் அழுகை ஓய்வதற்குள் அடுத்த வீட்டில் ஆரம்பிக்கும். அட்வோகியின் பையனும் போய்விட்டான். குழி தோண்ட நானும் மண்வெட்டி பிடித்தேன். அடக்கத்துக்கு வந்த எல்லோருக்கும் என் வாரகியைத்தான் ஊற்றினேன். ஒரு ஷில்லிங் வாங்கவில்லை. அட்வோகி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆவேன்" என்றான். அன்றைக்கு என்னை நடுக்கூடத்தில்தான் உட்கார வைத்தார்கள்.

நர்ஸ் மருந்தை விற்றுவிட்டுத் தண்ணீரைப் போட்டதாக ஊரில் பேச்சுக் கிளம்பியது. அவர் வீட்டின் மேல் கல் விழுந்தது. கூட்டத்தைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியது நான்தான். நீங்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனபோதும் கேட்டைத் திறந்துவிட்டது நான்தான். போகும்போது அவர் என்னைப் பார்த்து, "நெருப்பு எரிஞ்சுதானே இருந்துது அராலி?" என்றார். எரிந்துகொண்டிருக்கிறது சிஸ்டர் என்றேன். அப்போது எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்கிறீர்கள். யாரும் கேட்கவில்லை அய்யா. உங்கள் மெக்கானிக் குழாயைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்த மரவள்ளி மாவைச் சுரண்டி எடுத்த பிறகுதானே கேட்கிறீர்கள். அந்த மாவை நான் சரியாகக் கழுவியிருக்க வேண்டும். தப்பு என்று சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

மருந்து செத்துப்போனது எனக்கு எப்படித் தெரியும்? நான் படித்தவன் இல்லை. சிஸ்டரை விட்டுவிடுங்கள், அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அட்வோகியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். செம்புக் குழாய் எவ்வளவு அவசியம் என்பது அவனுக்குத் தெரியும், புரிந்துகொள்வான்.

என் மகளா? நன்றாக இருக்கிறாள். இப்போது எட்டு வைத்து நடக்கிறாள். அம்மை அவளை அண்டவே இல்லை. ஊசி போட்டாயிற்று. இங்கே இல்லை, ஹோய்மா மிஷன் ஆஸ்பத்திரியில். அதே நாள்தான். அட்யேரியோடு சேர்ந்து இங்கேயே போட்டுக்கொள்வதாக என் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். நான்தான் ஒரு அதட்டுப் போட்டு, விடிவதற்கு முன்னால் கிளம்புகிற முதல் பஸ்ஸில் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டு, பிறகு வந்து கேட்டைத் திறந்தேன்.

வேறென்ன அய்யா காரணம்? இங்கே அன்றைக்கு வரிசை ரொம்ப நீளம். சின்னப் பிள்ளை, எவ்வளவு நேரம் வெயிலில் நிற்கும்?