நாத்தனார் கொடுத்த கிட்னி

...திருப்தியா இருக்கீங்களான்னு கேக்குறாருங்க உள்ள இருக்குற அந்த டாக்டர்! நான் என்னத்தச் சொல்ல? ரிப்போர்ட்டு எல்லாம் பிரமாதமாம். தண்ணிய டம்ளர் டம்ளரா குடிக்கிறேன், பாத்ரூம் போறேன்... சிரிக்காதீங்க, டயாலிசிஸ்ல ஒண்ணுக்கே வராமக் கெடந்தவளுக்குத்தான் அந்தச் சத்தத்தோட அரும தெரியும்! மொத தடவ உள்ளேருந்தே கத்தினேன், "வந்துருச்சு, வந்துருச்சு"ன்னு. வெளிய எங்க வீட்டுக்காரர் கை தட்டுறாரு!

அப்புறம் என்ன கொறைங்கிறீங்களா? கொறையே இந்தக் கிட்னியக் கொடுத்தவதாங்க. என் நாத்தனார், எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. கல்யாணமான நாள்லேருந்து எங்களுக்குள்ள ஏழாம் பொருத்தம். நான் ஜன்னலுக்கு ஸ்கிரீன் மாட்டினா அவ கழட்டுவா. அவ டிவி சத்தத்தக் கூட்டினா நான் கொறைப்பேன். அப்பேர்ப்பட்டவ, யாருமே கேக்காம, "அண்ணிக்கு நான் தர்றேன்"னு டாக்டர் முன்னால போய் உக்காந்துட்டா!

அதுக்கப்புறம் எப்படிங்க சண்ட போடுறது? வாயத் தொறந்தாலே வயித்துக்குள்ளேருந்து அவ மொறைக்கிற மாதிரி இருக்கு! "வாடி"ன்னு கூப்பிட்டவ, "வாங்க, உக்காருங்க"ன்னு ஆரம்பிச்சுட்டேன். அவ தும்மினா எனக்குப் பகீருங்குது, ஒண்ணே ஒண்ண வச்சுக்கிட்டு இருக்காளே! கடைசில அவ வர்றதையே நிறுத்திட்டா. போன் பண்ணா, "உங்க மரியாதை எனக்கு மூச்சு முட்டுது அண்ணி"ங்கிறா. அழுதுட்டேங்க.

நேத்துதான் வந்தா. சமையல்கட்டுல நான் உப்பக் கொஞ்சம் கூடப் போட்டுட்டேன்... ஆகாதுதான், நாக்கு கேக்கணுமே! வெடுக்குன்னு டப்பாவப் புடுங்கினா. "என் கிட்னிய என்ன பண்ணப் பாக்குறீங்க?"ன்னா. எனக்கு எங்கேருந்துதான் வந்துச்சோ... "கொடுத்தாச்சுல்ல, இனிமே அது என்னுது, போடி!"ன்னுட்டேன்.

ஐயய்யோ... சொன்னதும் நாக்கக் கடிச்சுக்கிட்டேன். அவ பொத்துன்னு தரையில உக்காந்து, விலாவப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா பாருங்க! "இப்பதான் அண்ணி நீங்க பொழச்சு வந்துருக்கீங்க"ங்கிறா. நானும் சிரிச்சு, தையல் போட்ட எடம் வலிச்சு... அடுத்த நிமிஷமே, கொட்டின உப்ப யாரு கூட்டுறதுன்னு சண்ட!

ஆமா, நீங்களும் கிட்னிக்குத்தானே காத்திருக்கீங்க, உங்களுக்கு யாரு தர்றாங்க? தம்பியா? வேணாம்னுட்டீங்களா! ஏன்? காலம்பூரா அவன்கிட்ட தலகுனிஞ்சு நிக்கணுமேன்னா? அட, வாங்கிக்குங்க. வாங்கிட்டு நல்லா சண்ட போடுங்க!

அதோ வர்றா பாருங்க என் நாத்தனாரு. ஏண்டி, ஒரு மாத்திர வாங்க இவ்வளவு நேரமா?... என்னது, தனியாப் பேசுறேனா? இவருகிட்டதான்டி... அட, எங்கடி ஆளக் காணோம்?... வாசல்லயா?... ஏய், அங்க பாருடி, போன்ல யாரையோ, "டேய், நாளைக்கே கெளம்பி வாடா"ன்னு கத்துறாரு!