‘வரமாட்டேன்’ என்று எழுத இடம்

ஆரணியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை. ஆதார் கார்டில் இருக்கும் முகம் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம். இருந்தாலும் அதை லேமினேட் செய்ய வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் முள்ளிப்பட்டு நெசவாளர் ஒருவர், மகள் கல்யாணப் பத்திரிகைக்கு வந்திருந்தார். கம்ப்யூட்டரில் இருந்த பெண்ணிடம் சொன்னார்:

“பத்திரிகையோட வெக்கிற பதில் கார்டுல, ‘வரமாட்டேன்’னு எழுதற எடத்த பெருசா வைம்மா.”

“நம்ம ஊர்ல யாருங்கண்ணா பதில் போடறாங்க? வர்றவங்க வருவாங்க, சாப்புடுவாங்க.”

“எங்கண்ணன் போடுவாரு. கோவக்காரரு. திட்டி எழுத எடம் பத்தாது.”

“எங்க இருக்காரு?”

“சேத்துப்பட்டு.”

“இதோ இருக்குது சேத்துப்பட்டு! தட்டுல வெத்தல பாக்கு வெச்சிகினு நேர்ல போங்க.”

“போனேன். கதவத் தொறக்கல. பேச்சு நின்னு வருசக்கணக்கா ஆவுது. திட்டியாவது ஒரு வரி எழுதட்டும்மா. ஸ்டாம்பு நானே ஒட்டிடறேன்.”

அந்தப் பெண் கார்டின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு ஜரிகை பார்டர் போட்டுக் காட்டினாள்.

“இன்னும் பட்டையா போடு. அவருக்கு அப்பிடி இருந்தாத்தான் புடிக்கும்.”

“எத்தினி அடிக்கறது? பத்திரிகை மாதிரியே ஐந்நூறா?”

“ஒண்ணு.”

அவள் பார்டரை இன்னும் கொஞ்சம் பட்டையாக்கினாள்.

“ரெண்டா அடிச்சிடறேங்கண்ணா,” என்றாள். “மொதல்ல வர்றத கிழிச்சாலும் கிழிச்சிடுவாரு.”