கலிங்கலிங்கா வீட்டு மீன்தொட்டி

இல்ல மேடம், அங்க நிக்காதீங்க. இப்படி வந்து உக்காருங்க. கண்ணாடிகிட்ட ஆள் நின்னா அந்த மீசைக்கார மீனெல்லாம் கல்லுக்கடியில ஓடிரும், அப்புறம் வெளிய வர அரைமணி நேரம் ஆகும். பிள்ளை லுஷோமோ உள்ள வரும்போது அதுங்க வெளிய இருக்கணும். அவ வண்டியிலதான இருக்கா? டிரைவர் இருக்காரா கூட? சரி, சரி. வெயிலு... மரத்தடியிலயா, அப்ப பரவால்ல. ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடலாம் மேடம். நீங்க எழுத வேண்டியதை எழுதிருங்க முதல்ல.

என் வீட்டுக்காரி நமுக்கோலோ அடுப்படியில இருக்கா. கோழி, நிலக்கடலை போட்ட கீரை எல்லாம் ஆச்சு, சோளமாவு ன்ஷிமா மட்டும் கடைசியில கிண்டணும். இன்னிக்கு இந்த வீட்ல பொடிமீன் கபெண்டா பொரிக்கக் கூடாதுன்னு காலையிலயே சட்டம் போட்டுட்டா. மீன் பாக்க வர்ற பிள்ளைக்கு மீன் பொரிக்கிற வாசனையா அடிக்கணும்னு கேக்குறா.

சன்னல் கம்பி நான் அடிச்சதுதான், ஆமா. கேட்டு, கம்பிக் கதவு, அதான் நம்ம வேலை, இந்தக் கலிங்கலிங்கா ரோட்டோரத்துல பட்டறை, சியமேன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. தொட்டி நிக்குற ஸ்டாண்டும் நான் பண்ணதுதான். நூத்தி இருபது லிட்டர் மேடம், தண்ணி மட்டுமே நூத்தி இருபது கிலோ. ஸ்டாண்டு மேல நானே ஏறி நின்னு குதிச்சுப் பாத்தேன். நமுக்கோலோ பாத்துட்டு, மீனு குதிக்காது, நீதான் குதிக்கிறன்னா.

எத்தனை நாளாவா? ம்... அது வந்து... ஆறு வாரம் இருக்கும். டீ குடிக்கிறீங்களா? வேணாமா.

முதல்ல ஒண்ணும் தெரியாது மேடம். குழாய்த் தண்ணிய ரொப்பினேன், கல்லு போட்டேன், அன்னிக்கே நாலு மீனு வாங்கியாந்து விட்டேன். ரெண்டாம் நாள் நாலும் மிதக்குது. கடைக்கு ஓடினேன். கசோண்டேவோட அம்மான்னு எல்லாரும் கூப்பிடுற அந்தம்மாவோட மீன் கடை, மார்க்கெட்டுக்குப் பின்னாடி. அந்தம்மா என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, ஏன் சியமே, பெயிண்ட் காயாத கேட்டை யாருக்காவது குடுப்பியான்னு கேட்டாங்க. குடுக்க மாட்டேன்னேன். அப்புறம் பழகாத தண்ணியில எதுக்கு மீனை விட்டன்னாங்க. மீனோட கழிவே மீனுக்கு விஷமாம். அதைத் தின்னுறதுக்குக் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்காம், அது தொட்டியில வளர நாலு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் மீனே விடாத, அப்புறமும் வாரத்துக்குக் கொஞ்சமாத்தான் விடணும்னுட்டாங்க.

நாலு வாரம்! நீங்க ஆறு வாரத்துல, பிள்ளைய எங்ககிட்ட விடலாமான்னு வீட்டைப் பாக்க வரேன்னு சொல்லியிருக்கீங்க. எனக்கு உக்காரவே முடியல. தினமும் போய் வேற வழி இல்லையா, வேற வழி இல்லையான்னு நச்சரிச்சேன். கடைசியில அந்தம்மா தாங்க மாட்டாம, தன்னோட பழைய ஃபில்டர்ல இருந்து அழுக்கு ஸ்பாஞ்ச பிச்சு ஒரு பையில போட்டுக் குடுத்தாங்க. இதைக் கழுவிடாத, இதுலதான் அந்தக் கிருமி இருக்கு, உன் ஃபில்டருக்குள்ள வை, நாலு வாரம் ரெண்டாயிரும்னாங்க. நான் அதைப் பச்சைப் பிள்ளை மாதிரி மடியில வச்சு மினிபஸ்ல வந்தேன். நாத்தம் தாங்காம பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போயிட்டாரு.

வாசல்ல ஏதோ சத்தம்... இல்ல, பக்கத்து வீட்டுக் கோழி.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விட்டோம். முதல்ல கப்பி மீனு அஞ்சு. பையோட தண்ணியில மிதக்கவிட்டு, சூடு ஒண்ணானப்புறம்தான் திறந்தேன். வாரம் கழிச்சு மீசைக்காரங்க ஆறு. இதுங்களைத் தனியா வாங்கக் கூடாது, கூட்டமா இருந்தாத்தான் தைரியமா வெளிய வரும். அப்புறம் நீலக்கோடு போட்ட நியான் எட்டு. அதோட நிறுத்துன்னாங்க கசோண்டேவோட அம்மா. நான் எனக்கு அந்த முக்கோண மீனு வேணும்னேன். ஏஞ்சல் மீனா, அது வளந்தா சின்னதுங்களை முழுங்கும், தர மாட்டேன்னுட்டாங்க. நான் வேற கடையில வாங்கிட்டேன். தப்புதான் மேடம். மூணே நாள்ல நியான் அஞ்சாயிருச்சு. திருப்பிக் குடுத்துட்டேன்.

நமுக்கோலோவா? முதல்ல அவளுக்கு இது சுத்தமாப் பிடிக்கல. ஒரு கைப்பிடி கபெண்டாவுக்குக் கண்ணாடி மாளிகையான்னு கேப்பா. பதினாலு வருஷமா ரெண்டு பேரு மட்டும் இருக்கிற வீடு மேடம், அவளுக்கு எதையும் நம்பி ஆசைப்பட பயம். ஆனா போன ஞாயித்துக்கிழமை விடியும்போது கரண்டு போச்சு. மத்தியானம் வரைக்கும் வரல. ஃபில்டர் நின்னு போச்சு, மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. நான் குவளையில மொண்டு, மேல இருந்து ஊத்தி, மொண்டு ஊத்தி... அப்படித்தான் காத்து ஏறணும். கை ஓஞ்சு போச்சு. இவ கோயிலுக்குக் கிளம்பி நிக்குறா, மாதர் சங்கத்து வெள்ளை உடுப்பு, தலைத்துணி எல்லாம் போட்டு. என்னைப் பாத்தா. பைய வச்சா. குவளையப் புடுங்கினா. கர்த்தர் என்னை மன்னிப்பாரு, இந்தக் கபெண்டாங்க மன்னிக்காதுன்னு சொல்லிட்டு ஊத்த ஆரம்பிச்சா. மாறி மாறி ஏழு மணி நேரம். ஒரு மீனு சாகல மேடம். கரண்டு வந்தப்ப ஈர உடுப்போட தரையில உக்காந்து அவ அழுதா. 

என்ன மேடம்? லுஷோமோ அப்படியா சொன்னா? ரெண்டு வருஷமா இங்க தொட்டி இருக்குன்னா?

நான்தான் அவகிட்ட அப்படிச் சொன்னேன். அன்னிக்கு உங்க ஆபீஸ்ல, நீங்க ஃபைல் எடுக்கப் போயிருந்தீங்க. ஒன்பது வயசுப் பிள்ளை, ரெண்டு வீட்ல வச்சுட்டுத் திருப்பி அனுப்பியிருக்காங்க. என் முகத்தைக்கூடப் பாக்காம, உங்க வீட்ல என்ன இருக்குன்னு கேட்டா. எங்க வீட்ல என்ன இருக்கு மேடம்?  அவளுக்குப் பின்னாடி சுவத்துல மீன் படம் போட்ட காலண்டர் தொங்கிச்சு. அதைப் பாத்துக்கிட்டே சொல்லிட்டேன், மீன்தொட்டி இருக்கு, ரெண்டு வருஷமாச்சு, நீலக்கோடு போட்டது இருக்கு, மீசை வச்சது இருக்கு, முக்கோணமா ஒண்ணு இருக்குன்னு.

நான் முடிச்சதும் அவ மெதுவாத் திரும்பி அந்தக் காலண்டரைப் பாத்தா. ஒவ்வொரு மீனாப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லல. நான் எப்ப வரட்டும்னு மட்டும் கேட்டா.

உங்ககிட்டயும் அதையே சொல்லியிருக்கா, பாருங்க.

எழுதிக்குங்க மேடம், பொய் சொன்னான்னே எழுதிக்குங்க. ஆனா முதல்ல அவளைக் கூப்பிடுங்க.