டர்போவைக் கழற்றியது நான்தான்

தரையிறங்கியவுடன் கொதிக்கும் இன்ஜினை அணைக்க வைத்தவர் எங்கள் விமான நிறுவன மேலாளர். அதனால் விமானம் விழுந்ததும் பழியை விமானியான என் மாப்பிள்ளை தலையில் கட்டியவரும் அவர்தான். திருடன் என்று என்னைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். நான் திருடன் அல்ல.

அந்நிறுவனப் பட்டறையில் மெக்கானிக்காக இருக்கிறேன். வயது எழுபத்தொன்று. ஓடுதள வேலியை ஒட்டிய ஊழியர் குடியிருப்பின் கடைசி வீட்டில் மகள், மாப்பிள்ளையுடன் வசிக்கிறேன். ஒத்தக்காலார் என்று கூப்பிடுவார்கள். இரண்டு காலும் நன்றாகவே உள்ளன. பிடித்ததை விடமாட்டேன் என்பதால் அந்தப் பெயர். படித்துத் தொழில் கற்கவில்லை. கழற்றிப் பார்த்துக் கற்றேன்.

எங்கள் சிறிய விமானங்கள் மலை தாண்டி ஆள் ஏற்றிச் செல்பவை. உயரே காற்று மெலிந்து இன்ஜினுக்கு மூச்சு போதாது. அதற்குத்தான் டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில் அதன் சக்கரம் சுழன்று, மெல்லிய காற்றை அழுத்தி இன்ஜினுக்கு ஊட்டும். இறங்கும்போது அது பழுக்கக் காய்ந்திருக்கும். சற்று நேரம் இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய் ஓடி அது ஆறிய பிறகே அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நிற்கும் எண்ணெய் கருகிக் கரியாகி, சக்கரத்தை இறுக்கிவிடும். இது என் கண்டுபிடிப்பல்ல. மேலாளருக்கும் தெரியும்.

போய் இறங்கும் மலை ஊரில் ஓடுதளம் முடிகிற இடமே பயணிகள் வாசல். அங்கே இன்ஜின் இரைந்துகொண்டு நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "ஜனங்க காதைப் பொத்திக்கிட்டு இறங்குறாங்க. நின்னதும் அணைச்சிடுங்க" என்றார்.

"மாடிப்படி ஏறுனாலே நீங்க உக்காந்து மூச்சு வாங்குறீங்க சார். அது மலையேறிட்டு வருது" என்றேன்.

"பெரியவரே, இது உங்க காலத்து இன்ஜின் இல்ல" என்றார்.

மாப்பிள்ளையிடம் வீட்டில் சண்டை போட்டேன். "மாமா, நானும் சொல்லிப் பார்த்துட்டேன். இன்னொரு தடவை வாயைத் திறந்தா வேற ஆளைப் போட்டுடுவேங்கிறார்" என்று சாப்பாட்டைப் பாதியில் வைத்து எழுந்துவிட்டார். அதன் பின்னர் சொன்னபடியே அணைத்து வந்தார்.

போன வாரம், கணவாய்க்கு மேலே டர்போவின் சக்கரம் இறுகி நின்றது. இன்ஜின் திணறியது; உயரம் குறைந்தது. மாப்பிள்ளை திருப்பி, ஆற்றுமணலில் இறக்கினார். பயணிகள் நடந்து வெளியே வந்தார்கள். இவர் இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். விமானியின் கவனக்குறைவு என்று விசாரணையில் சொன்ன மேலாளர், மறுநாள் காலையிலேயே இரண்டாவது விமானத்தில் ஆள் ஏற்றத் தயாரானார்.

நான் போய் அதன் டர்போவைக் கழற்றினேன். சக்கரம் விரல் பட்டாலே சுழல வேண்டும். சேற்றில் புதைந்த வண்டிபோல் கிடந்தது. "நீங்களே தள்ளிப் பாருங்க" என்று நீட்டினேன். மேலாளர் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு காவலாளியைக் கூப்பிட்டார்.

அந்த டர்போ இப்போது இந்தக் காவல் நிலைய மேசைமேல் இருக்கிறது. இதை எழுதும் ஐயா விரலால் தள்ளிப் பார்த்து, "நகரவே மாட்டேங்குதே" என்றார். அதையும் எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறார்.

இதைக் காவல் நிலையம் முத்திரையிட்டு வைக்க வேண்டும். ஆற்றுமணலில் கிடக்கும் விமானத்தின் டர்போவையும் விசாரணைக்காரர்கள் பிரித்துப் பார்க்க வேண்டும். மேலாளர் ஆஸ்பத்திரிக்குப் போய், என் மகள் முன்னால், யார் அணைக்கச் சொன்னது என்று சொல்ல வேண்டும். அதுவரை மற்ற விமானங்கள் பறக்கக் கூடாது. பறக்க விட்டால், வெளியே போனதும் அவற்றின் டர்போக்களையும் நானே கழற்றுவேன்.

யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை, படித்துக் காட்டியதை நானும் ஒருமுறை வாங்கிப் படித்தேன், அத்தனையும் உண்மை.

(கையெழுத்து)