ரயில் நின்ற நாளில் பார்த்த ஆட்டம்

செஸ் தெரியும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன். உண்மையில் குதிரை எங்கே போகும் என்பதை இன்னும் விரலால் எண்ணித்தான் கண்டுபிடிப்பேன். அதனால், கிள்ளான் போகும் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு இளம்பெண்களின் செஸ் பேச்சு காதில் தானாக விழுந்தது.

“நல்ல வேளை, போன மாசம் மழையில ரயில் வழியிலேயே நின்னுச்சு,” என்றாள் கண்ணாடி போட்டவள்.

“என்னடி உளறுற? அன்னைக்கு ஏசிக்கிட்டே இருந்த.”

“தினமும் போன்ல மாஸ்டருங்க ஆட்டம் பாப்பேன். ஆரம்பம் முடியறதுக்குள்ள இறங்குற ஸ்டேஷன் வந்துரும். அன்னைக்குதான் ஒரு ஆட்டத்த கடைசி வரைக்கும் பாத்தேன். இன்னைக்கு டோர்னமென்ட்ல அதே மாதிரி வந்துச்சு. எதிர்ல ஆடுனவளுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். நான் ரூக்க பின்னாடி கொண்டுபோய் செக் மேல செக் வெச்சேன். டிரா லா.”

“அப்போ டீம்ல இருக்கியா?”

“இருக்கேன். தோத்திருந்தா இன்னைக்கே தூக்கியிருப்பாங்க.”

“இனிமே தினமும் ரயில் நிக்கணும்னு பத்துமலை கோயிலுக்கு நேந்துக்கோ.”

கண்ணாடிக்காரி சிரித்தாள். சுபாங் ஸ்டேஷன் வருவதற்குள் தோழியின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“அந்தப் பொண்ணாவது ஒண்ண கடைசி வரைக்கும் பாத்துச்சு,” என்றாள். “நீங்க பிரிச்சுப் போட்ட ஃபேன் இன்னும் ஹால்லதான் கெடக்கு.”