மதகடி அக்கா

மத்தியானம் பன்னிரண்டரை மணி. கத்திரி வெயில். தென்னேரி ஏரிக்கரை மேல் ஒரு ஈ, காக்கைகூட இல்லை.

பேய் வருவதற்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? உச்சிப்பொழுதில் ஏரிக்கரைப் பக்கம் ஏன் தனியாகப் போக மாட்டார்கள் என்று இதைக் கேட்டால் தெரியும். இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். கரண்ட் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளையார்பாளையத்துக் காசிநாதனைத் தெரியுமல்லவா? அவருடைய அத்தை மகன் மயில்வாகனம். பட்டுத் தறிக்காரன். அவனுக்கு நடந்தது இது... அறுபத்தொன்பதாம் வருஷம்.

அந்த மத்தியானம் அவன் ஏரிக்கரையில் ஒரு பனைமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். கையில் இரண்டு முழ நீளத்துக்கு ஓர் இரும்புக் கம்பி. தறியிலிருந்து கழற்றி எடுத்து வந்தது. திருடனுக்காக நிற்கவில்லை. பெண்டாட்டிக்காக நின்றான்.

பெண்டாட்டி பெயர் அம்சவேணி. கல்யாணமாகி இரண்டு வருஷம். பிறந்த ஊர் தென்னேரி. அங்கே அவள் அம்மா கைகால் விழுந்து படுத்திருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் பித்தளைத் தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு அம்சவேணி பஸ் ஏறிப் போவாள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஊருக்கு ஒன்றரை மைல். முழுக்க ஏரிக்கரை. பாதி வழியில் ஒரு மதகு. அந்த மதகடியில் ஒருத்தியைத் தாலிச்சரட்டுக்காக அடித்துத் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள் என்று பேச்சு. என்றைக்கு, யாரை... அது ஒருவருக்கும் சரியாகத் தெரியாது.

"ஒரு வாட்டி கூட வாங்களேன். பயமா இருக்குது" என்று கேட்டாள்.

"தறிய யாரு பாப்பாங்க? பயமா இருந்தா போவாத."

அவள் தனியாகவே போனாள். போய்ப் போய் வந்தாள். இரண்டு மாசம் கழிந்திருக்கும்... கூட வரச்சொல்லிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை வந்தால் விடியும்போதே தலை வாரி, பூ வைத்து, ஒரு சுறுசுறுப்பு. மயில்வாகனத்துக்கு அது முள்ளாகக் குத்தியது. பயம் எங்கே போயிற்று?

ஒரு சாயங்காலம் அவள் பின்கட்டில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். விளையாட்டாகப் பின்னால் போய்க் கண்ணைப் பொத்தினான்.

அவ்வளவுதான். அவள் குதிகால் அவன் கால்விரலை நசுக்கியது. முழங்கை விலாவில் இறங்கியது. அவன் மூச்சு வாங்குவதற்குள் கையிலிருந்த செம்பு அவன் நெற்றிப்பொட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி வந்து நின்றது.

"ஐயோ, நீங்களா!"

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். வலிக்கு முன்னால் சந்தேகம்தான் வந்தது.

"யாருடி கத்துக்குடுத்தது?"

"ஏரிக்கரையில ஒரு அக்கா. மதகுலேர்ந்து கூட நடந்துக்கினு வருவாங்க. கையில எது இருக்குதோ அதான் ஆயுதம்னு சொல்வாங்க. தூக்கு இருந்தா தூக்கு, குடை இருந்தா குடை. ஒண்ணுமே இல்லன்னா ஒரு புடி மண்ணு. ஓடறதுக்கு வழி கெடைக்கிற வரிக்கும் அடிச்சா போதும், அப்பால ஓடிடணுமாம்."

"பேரு இன்னா?"

"கேக்கல."

அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். கன்றிப்போன ஐந்து விரல் தடம். "புடிச்சுக் காட்டுவாங்க. உதறிக்கினு வரணும்" என்றாள். அந்தத் தடத்தின் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தான். தடம் நீளமாக இருந்தது. அவன் விரலைவிட.

பொம்பளைக்கு இவ்வளவு நீள விரலா? அன்றையிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தறியில் உட்கார்ந்தால் இழை அறுந்தது. யாரோ ஒருத்தன் அவள் கையைப் பிடிக்கிறான், தோளைத் திருப்புகிறான், 'இப்படி இல்ல, இப்படி' என்று பின்னால் நின்று காட்டுகிறான்... கண்ணை மூடினால் அதேதான். தான் 'வர மாட்டேன்' என்று சொன்ன வழியில் வேறொருத்தன் நடக்கிறான்.

அந்த வெள்ளிக்கிழமை, நெசவாளர் சொசைட்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு முந்தின பஸ்ஸைப் பிடித்து வந்து, மதகுக்குப் பக்கத்துப் பனையடியில் நின்றான்.

ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காய்ந்த பனை மட்டை உரசும் சத்தம். வேறொன்றும் இல்லை.

தூரத்தில் குடை தெரிந்தது. அம்சவேணிதான். மதகடிக்கு வந்தாள். நின்றாள். சிரித்தாள். தூக்கை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் ஓர் ஆள் நடக்க இடம் விட்டு ஒதுங்கினாள்.

பக்கத்தில் யாரும் இல்லை.

அவள் பேசிக்கொண்டே நடந்தாள். என்னவோ கேட்டு, வாய்விட்டு ஒரு சிரிப்பு... அந்தச் சிரிப்பை அவன் இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கரைக்குக் கீழே புதரில் எவனாவது வருகிறானா என்று எட்டிப் பார்த்தான். இல்லை. அப்போதுதான் அந்த வாடை வந்தது. பாசி வாடை. சொட்டுத் தண்ணீர் இல்லாத ஏரியில் அழுகின பாசி வாடை. கூடவே ஒரு சத்தம். ஈரக் கால் மண்ணில் பதிகிற சத்தம். சப்... சப்... சப்...

அம்சவேணி குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு வலக்கையை நீட்டினாள். மணிக்கட்டுச் சதை தானாக உள்ளே அமுங்கியது. வெள்ளையாக ஐந்து பள்ளம். அவள் கையை வெடுக்கென்று சுழற்றி விடுவித்துக்கொண்டு, "சரியாக்கா?" என்றாள், சின்னப் பெண் மாதிரி.

அங்கே அவன் பயந்திருக்க வேண்டும். ஓடியிருக்க வேண்டும். நீங்களாக இருந்தால் ஓடியிருப்பீர்கள். அவனுக்குப் பயம் வரவில்லை. வயிறு எரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் மேல் பொறாமை. அதுவும் அப்படி ஒரு பொறாமை.

கம்பியை ஓங்கிக்கொண்டு பாதையில் குதித்தான்.

"யாருடி அவன்? எங்கடி அவன்?"

அம்சவேணி பத்தடி தள்ளி நின்றாள். ஒரு கையில் தூக்கு. ஒரு கையில் குடை. ஓடவில்லை. கத்தவில்லை. அவனைப் பார்த்தாள். அப்புறம் கம்பியைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் கண், அவன் தோளைத் தாண்டிப் பின்னால் போயிற்று.

ஓங்கின கையை யாரோ பிடித்தார்கள்.

குளிர்ச்சி. அந்த வெயிலில் கிணற்றடிக் கல் மாதிரி ஒரு குளிர்ச்சி. ஒவ்வொரு விரலாக வந்து சுற்றி மூடியது. மூடி முடிய வெகுநேரம் ஆயிற்று. மணிக்கட்டு மெல்லத் திரும்பியது. கம்பி டணாரென்று மதகுக் கல்லில் விழுந்தது. இன்னும் திரும்பியது. மயில்வாகனம் முட்டி போட்டான். அவன் முதுகில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. கழுத்துக்குப் பின்னால் யாரோ குனிந்து... காதில் அல்ல, அவன் தலைக்கு மேலாக... அவளிடம் ஏதோ கேட்டார்கள். சேற்றில் குமிழி உடைகிற மாதிரி ஒரு சத்தம். அவனுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

அம்சவேணிக்குப் புரிந்தது.

"சொல்லுடி... நான் உன் புருசன்னு சொல்லுடி" என்று அழுதான்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்டால், மயில்வாகனம் காசிநாதனிடம் ஒவ்வொரு தடவையும் வேறு கணக்குச் சொன்னானாம். ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம் என்பான். அரை நாள் என்பான். அவள் யோசித்தாள். அதை அவன் கண்ணால் பார்த்தான். கடைக்காரன் முன்னால் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு யோசிப்பாளே, அப்படி.

பிறகு அவள் உதடு அசைந்தது. பிடி விட்டது.

அவள் தூக்கை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம் வழக்கம்போல வீடு வந்தாள், அடுப்பு மூட்டினாள், ரசம் வைத்தாள். அவனைத் திட்டவில்லை.

அவனுக்குப் பத்து நாள் காய்ச்சல். பதினோராம் நாள் எழுந்து தறிக்கட்டுக்கு வந்தான். அம்சவேணி ராட்டினத்தில் பட்டு இழை சுற்றிக்கொண்டிருந்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்து கேட்டான்.

"அன்னிக்கு அவங்க உன்ன இன்னா கேட்டாங்க?"

"இன்னிக்கே முடிச்சுடவா, இன்னொரு நாளைக்கான்னு கேட்டாங்க."

"நீ... நீ இன்னா சொன்ன?"

அம்சவேணி ராட்டினத்தை நிறுத்தவில்லை. தலையையும் தூக்கவில்லை.

"உங்க கைய வுட்டாங்க இல்ல?" என்றாள்.