உதைக்காத கியர்

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று அரை அங்குலம் குட்டை. ஒரு அட்டை இருந்தால் கொடுங்கள், மடித்து வைத்துக்கொள்கிறேன். ஏதாவது ஒன்று சரியில்லாமல் இருந்தால் என்னால் உட்கார முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நானாக ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் நீங்கள் எழுதிய ஒரு சொல். மெக்கானிக் மாரீஸ்வரனின் 'கவனக்குறைவு' என்று பேப்பரில் வந்திருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து வீட்டுக்கும் பட்டறைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். அதைத் திருத்த வேண்டும் சார்.

முந்தல் ரோட்டில் எனக்குப் பட்டறை. கோயம்புத்தூரில் ஆட்டோமேட்டிக் கியர் மட்டுமே பார்க்கிற கடையில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். போடியில் அந்த வேலைக்கு வேறு ஆள் கிடையாது.

விஜயபாண்டி அண்ணனுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம். இடது முழங்கால் மடங்காது, கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் பழைய ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்று வாங்கியிருந்தார். மேட்டில் கியர் வழுக்கும். என்ஜின் மட்டும் கத்தும், கியர் ஆயில் கருகும். "ஏதாச்சும் பண்ணு மாரீசு, பாதி மலையில அதுக்கு மூச்சு வாங்குது" என்றார்.

அந்த மாதிரி வண்டியில் கியர் மாறுவது உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியக்கூடாது என்று, உள்ளே ஆயில் தயங்கித் தயங்கிப் போகும்படி வைத்திருப்பார்கள். அந்தத் தயக்கம்தான் வழுக்கல். அதை எடுத்துவிட்டால் கியர் டக்கென்று பிடிக்கும். ஸ்பிரிங்குகளை மாற்றினேன். ஆயில் போகிற தகட்டுத் துளைகளை அளவு பார்த்துப் பெரிதாக்கினேன். ஐந்து நாள் வேலை. ஓட்டிப் பார்க்க அண்ணனோடு போடிமெட்டு வரை போனேன். ஏற்றத்தில் ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. இறங்கும்போது லிவரை இழுத்து ரெண்டாவது கியரிலேயே நிற்கும்படி போட்டார். வண்டியை அதுவே இழுத்துப் பிடித்தது. பிரேக்கை அவர் தொட்டதே ஏழெட்டுத் தடவைதான். கீழே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அதற்குப் பிறகு அந்த வண்டி பட்டறையைக் கடக்கும்போதெல்லாம் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பேன். ரெண்டிலிருந்து மூணுக்கு மாறுகிற சத்தம், நல்ல மரக்கதவைச் சாத்துவது போல இருக்கும். அந்த மூன்று வாரம்தான் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

கற்பகம் மதினிக்கு, அவர் மனைவிக்கு, போன வருஷம் முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒருநாள் பட்டறைக்கு எதிரே டீக்கடையில் வண்டியை நிறுத்தினார்கள். மதினி கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, என்னப்பா பண்ணி வச்சிருக்க? கழுத மாதிரி உதைக்குது. எங்க தோட்டத்து லோடு ஜீப்பே தேவல போல."

டீ குடித்துக்கொண்டிருந்த ஜீப் டிரைவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அதுதான் எனக்கு விளங்கவில்லை.

"பழையபடி பஞ்சு மாதிரி ஆக்கிக் குடுத்துரு மாரீசு. எறக்கத்துலதான் ரொம்பத் தூக்கிப் போடுதாம். உதையே இருக்கக் கூடாது" என்றார்.

மதினி மேல் எனக்கு வருத்தம் கிடையாது. வருஷா வருஷம் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு ஏலக்காய் கொடுத்தனுப்புகிறவர். ஆனால் அன்றிலிருந்து கை நிலைகொள்ளவில்லை. நின்றுகொண்டேதான் சாப்பிட்டேன். ஒரு போல்ட்டை முடுக்குவேன், கழற்றுவேன், மறுபடி முடுக்குவேன். "என்ன தேடுறீக?" என்று என் மனைவி பாண்டீஸ்வரி நாலைந்து தடவை கேட்டாள். எதையும் தேடவில்லை.

வியாழக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து விட்டார். பழைய ஸ்பிரிங்குகள் டப்பாவில் இருந்தன. அவற்றையே திரும்பப் போட்டிருக்கலாம்தான். அப்படிப் போட்டால் நான் செய்தது தப்பு என்று நானே சொன்னதாகும். ஏறும்போது மாறுகிற கியர்களை மட்டும் கொஞ்சம் மிருதுவாக்கினேன். இறக்கத்தில் வண்டியை இழுத்துப் பிடிப்பது உள்ளே இருக்கிற ஒரு கிளட்ச். அதற்கு ஆயில் போகும் வழியை அடைத்தேன். இனி ரெண்டில் போட்டால் முன்னால் மீட்டரில் ரெண்டு என்றே காட்டும். ஆனால் எதுவும் பிடிக்காது, வண்டி தன்பாட்டுக்கு உருளும். பிடிக்காத கியர் உதைக்காது. அவர் கேட்டது அதைத்தானே.

மலை இறக்கத்தில் அப்படி வந்தால் மொத்தப் பாரமும் பிரேக்கில் விழும். வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தபோது பிரேக் கட்டைகளையும் பார்த்தேன். தேய்ந்து இரும்பு தெரிந்தது. பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அதை யாரும் பார்க்கச் சொல்லவில்லை.

ஞாயிறு காலையில் இருவரும் தோட்டத்துக்குப் போனார்கள். பட்டறையில் இருக்க முடியாமல் நானும் பைக்கை எடுத்துக்கொண்டு மலையேறினேன். பாதி வழியில் ஒரு கொண்டையூசி வளைவுக்குக் கீழே, கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றேன். உட்காருவேன், எழுந்திருப்பேன். மூணு மணிக்கு மேல் அண்ணன் போன் செய்தார்.

"ஏறுறப்பப் பஞ்சேதான் மாரீசு. உங்க மதினி தூங்கிட்டே வந்தா. இப்பக் கெளம்புறோம். எறக்கத்துல எதுவும் பாத்து ஓட்டணுமா?"

"ஒண்ணும் வேணாம்ணே. ரெண்டுல போட்டு விட்ருங்க. அது பிடிச்சுக்கிரும்."

பிடிக்காது என்று அப்போது தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். அதனால்தான் சொல்கிறேன், கவனக்குறைவு என்று எழுதாதீர்கள். அந்த வண்டியில் என் கை பட்ட எதிலும் கவனக்குறைவு கிடையாது.

முதலில் பிரேக் கருகும் வாசம்தான் வந்தது. பிறகு ஹாரன், விடாமல். வண்டி வளைவில் திரும்பவே இல்லை. மதினி ஒரு கையை முன்னால் ஊன்றியிருந்தார். என்னைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். எனக்குச் சற்று மேலே சுவரை உடைத்துக்கொண்டு வண்டி காட்டுக்குள் இறங்கியது. ஒரு பலாமரத்தில் போய் நின்றது.

எல்லோருக்கும் முன்னால் இறங்கி ஓடியவன் நான்தான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மதினிக்கு உயிர் இல்லை. ஸ்டியரிங் அண்ணனின் நெஞ்சில் பதிந்திருந்தது. கண் திறந்திருந்தது.

"மாரீசு... பிடிக்கலடா" என்றார்.

அவர் காதருகே குனிந்தேன்.

"உதைச்சுச்சாண்ணே?"

அவர் தலை இப்படியும் அப்படியும் அசைந்தது. இரண்டு தடவை. பிறகு அசையவில்லை. உயிர் போகிற வலியில் அசைந்திருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். நான் பக்கத்தில் இருந்தவன் சார். அது எனக்குச் சொன்ன பதில். இல்லை என்றார். உதைக்கவில்லை என்றார்.